அத்தானின் கிறீஸ் பேணி

அத்தானோடு கதைத்த எவரும் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடித்ததை நான் கண்டதில்லை. பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்பார். பிறகு மிச்சப் பாதியைத் தானே சொல்லுவார், பெரும்பாலும் பிழையாக. நாங்கள் திருத்த வாயெடுத்தால் அதற்கும் "தெரியும்"தான்.

அவர் என் அக்காவைக் கட்டியவர். மோசம்போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. செத்தவரைப் பற்றிக் கோபத்தோடு எழுதக்கூடாது என்று எங்கள் சனம் சொல்லும். முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு அச்சடித்த புத்தகத்தில் அவர்கள் எழுதினார்கள்: பரோபகாரி, பண்பாளர், பாசமிகு கணவர். மூன்றிலும் உண்மை இருக்கிறது. அதுதான் என் வயிற்றெரிச்சலைக் கூட்டுகிறது. கெட்ட மனிசன் என்றால் ஒரேயடியாக வெறுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

நான் லண்டனுக்கு வந்து இறங்கியது எண்பதுகளின் கடைசியில், நல்ல குளிருக்குள். ஹீத்ரோவில் என்னை ஒரு அறையில் இருத்தி வைத்து மாறிமாறிக் கேள்வி கேட்டுவிட்டு வெளியே விட்டபோது பின்னேரமாகிவிட்டது. விடிய வந்த அத்தான் அந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றிருந்தார். ஒரு கையில் புதுக் கோட், மற்றக் கையில் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி. "குளிரும் பிள்ளை, முதல் இதைப் போடும்" என்று கோட்டைப் போட்டுவிட்டு, கழுத்து வரைக்கும் பொத்தானையும் பூட்டிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹீத்ரோவிலிருந்து வெம்பிளிக்கு அரை மணித்தியால ஓட்டம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அன்றைக்கு நாங்கள் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடினோம். லண்டனைச் சுற்றிப் போகிற பெரிய றோட்டில் மற்றப் பக்கத்தால் ஏறிவிட்டார். வெளிச்சங்கள் குறைந்தன, மாடுகள் நிற்கிற வயல்கள் வந்தன, ஆற்றுக்குக் கீழே ஒரு சுரங்கத்துக்குள்ளால் போனோம்.

"அத்தான், எங்கையும் நிப்பாட்டி ஆரையும் கேட்டுப் பாப்பமே?"

"ஏன் கேக்க? எனக்குத் தெரியும்."

குடித்த தேத்தண்ணியெல்லாம் வெளியே வர, புதுக் கோட்டிலேயே நான் சத்தி எடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் வெறுங்காலோடு நின்றாள். விமான நிலையத்துக்கு எத்தனை தரம் போன் எடுத்தாளோ தெரியாது.

"இஞ்சேருங்கோ, எங்கை போனனீங்கள்?"

"பிள்ளைக்கு லண்டனைச் சுத்திக் காட்டினனான்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் ஊறப்போட்டாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. எல்லாவற்றையும் பதற்றமில்லாமல், சத்தமில்லாமல் செய்து பழகியவள். அவளுடைய அந்தப் பொறுமையைப் பார்த்து அன்றைக்கு ஆறுதல் பட்டேன். பிறகு பிறகு அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெம்பிளியில் எங்கள் சனத்துக்கு அவர்தான் துபாசி. ஆங்கிலம் தெரியாதவர்களை டொக்டரிடம், கவுன்சிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று கூட்டிக்கொண்டு போவார். தன்னுடைய லீவைப் போட்டுவிட்டுப் போவார். ஒருத்தரிடம் ஒரு சதம் வாங்கமாட்டார். ஆனால் டொக்டர் கேட்கிற கேள்வியை வருத்தக்காரரிடம் கேட்கமாட்டார். தானே மறுமொழி சொல்லிவிடுவார். எதிர்வீட்டு ஐயாவுக்கு இடது முழங்கால் நோ. வலது முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து, வலது முழங்காலுக்குப் பயிற்சியும் பழக்கி விட்டார்கள். ஐயா அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். "என்ன செய்யிறது பிள்ளை, தம்பி இல்லாட்டி எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

இதுதான் விசயம். அவர் செய்த உதவி எங்கள் எல்லாருடைய வாயையும் கட்டிப்போட்டது. என்னை ஸ்பொன்சர் செய்தவர், கலியாணத்துக்குப் பிறகு என் மனிசனுக்கு வேலை எடுத்துத் தந்தவர், எங்களுக்கு எட்மண்டனில் வீடு பார்த்துத் தந்தவர். அப்படிப்பட்ட ஒருவரிடம் "உங்களுக்குத் தெரியாது" என்று எவன் சொல்லுவான்?

தொண்ணூறுகளின் முற்பகுதியில் அவருக்குக் கரவன் ஆசை வந்தது, காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற, படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி. கோடை விடுமுறையில் நோர்போக்கில் இருக்கிற மாதா கோயிலுக்கு எங்கள் சனம் திரண்டு போகும். நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் அந்த மாதாவிடம் போகாத சைவக்காரர் லண்டனில் குறைவு. கரவன்களையும் கூடாரங்களையும் வைத்துக்கொண்டு, புல்வெளியில் அடுப்பு மூட்டி, நண்டும் கணவாயும் சமைத்து ஒரு சின்ன ஊரையே உண்டாக்கிவிடுவார்கள். "எங்களுக்கும் ஒண்டு வேணும்" என்று அத்தான் தொடங்கினார். என்பீல்டில் ஒரு வயதுபோன வெள்ளைக்காரச் சோடி தங்களுடையதை விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அக்காவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்.

விற்ற மனிசி மெலிந்த, உயர்ந்த பெண். கரவனை இழுத்துக்கொண்டு ஸ்பெயின் வரைக்கும் தான் போய் வந்தேன் என்றாள். காரின் பின்னால் பூட்டுகிற இரும்பு உருண்டை, அதன்மேல் வந்து கவ்வுகிற கரவனின் தலைப்பகுதி, எல்லாவற்றையும் குனிந்து நின்று காட்டினாள். சாதாரணக் கொளுக்கி என்றால் உருண்டைக்குக் கிறீஸ் பூச வேண்டும். இது அப்படியில்லை. இந்தத் தலைக்குள்ளே, பிரேக்கில் இருக்கிறது மாதிரிக் கட்டைகள் இருக்கின்றன. மேலே உள்ள நீளக் கைபிடியை அமத்தினால் அந்தக் கட்டைகள் உருண்டையை இறுக்கிப் பிடிக்கும். பிடித்தால்தான் கரவன் பின்னால் வாலாட்டாது. அதற்கு ஸ்டெபிலைசர் என்று பெயர். ஆகவே உருண்டை காய்ந்து, துப்புரவாக இருக்க வேண்டும்.

"கிறீஸ் மட்டும் ஒருநாளும்..." என்று அவள் தொடங்கினாள்.

"ஐ நோ, ஐ நோ" என்றார் அத்தான். கரவனுக்குள் ஏறி மெத்தையை அமத்திப் பார்க்கப் போய்விட்டார்.

அக்கா போகவில்லை. கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு அந்த மனிசிக்குப் பக்கத்தில் குந்தினாள். கேள்வி கேட்டாள். அவள் சந்தோசமாகச் சொல்லிக்கொடுத்தாள். எண்ணெய் பட்டால் மண்ணெண்ணெய் கிட்டவும் வரக்கூடாது, மெதிலேட்டட் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். துரு பிடித்தால் நைஸ் அரத்தாளால் தேய்க்க வேண்டும். கார் தனியே நிற்கும்போது உருண்டைக்கு மூடி போட வேண்டும். ஒடுக்கமான இடத்தில் பின்னுக்கு எடுத்துத் திருப்பும்போது கைபிடியைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டைகள் வீணாகத் தேய்ந்துபோகும். கைபிடி எந்த அடையாளம் வரைக்கும் இறங்குகிறது என்று பார்த்தால் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். வரும் வழியில் அக்கா இவ்வளவையும் அத்தானுக்குச் சொல்ல வெளிக்கிட்டாள். எத்தனை சொல் சொல்ல விட்டார் என்று உங்களுக்கே விளங்கும்.

முதல் ஓட்டத்திலேயே கொளுக்கி கீச்சிட்டது. காய்ந்த கட்டை இரும்பைப் பிடித்தால் சிலவேளை அப்படித்தான் சத்தம் வரும் என்று அந்த மனிசி முதலே சொல்லியிருந்தாள். உருண்டையைத் துப்புரவாக்கினால் குறையும். ஆனால் அத்தானுக்கு அந்தச் சத்தம் மானப்பிரச்சினை. நாற்சந்தி றவுண்டபோட்டில் திரும்பும்போது பக்கத்துக் கார்க்காரன் பார்த்தானாம். "எங்கடை கரவன் அழுகுது எண்டு சனம் சிரிக்கும்" என்றார். கார் விடுகிற கறாச்சுக்குள் போய்க் கிறீஸ் இருந்த தகரப் பேணியை எடுத்து வந்தார். வீட்டுக் கதவு, பின்வாசல் படலை, சைக்கிள், தையல் மெசின், எல்லாவற்றுக்கும் அந்தப் பேணிதான் மருந்து. இரண்டு விரலால் அள்ளி உருண்டைக்குப் பூசினார். மிச்சத்தைத் தலைக்குள்ளேயும் தடவினார். சத்தம் நின்றது. "பாத்தீரே?" என்று அக்காவைப் பார்த்தார்.

அக்கா அடுத்த கிழமை கரவன் கடையில் கேட்டாள். கிறீஸ் குடித்த கட்டை இனிப் பிடிக்காது, மாற்ற வேண்டும் என்றார்கள். புதுக் கட்டை வாங்கி, கடைக்காரனைக் கொண்டே போடுவித்தாள். அத்தான் அறிந்ததும் குதித்தார். "உம்மை அவன் நல்லா ஏமாத்திப்போட்டான்." அந்தக் கோடை வரும் முன்னரே மறுபடி பூசினார். அக்கா மறுபடி துடைத்தாள். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஸ்பிரிட்டையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு வெளியில் போய்க் குந்திவிடுவாள். அவர் வந்து பார்ப்பார், காய்ந்திருக்கும். பூசுவார். அவள் பார்ப்பாள், மினுங்கும். துடைப்பாள். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இரவு ஒரே மேசையில் இருந்து புட்டுச் சாப்பிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் குசினியில் வைத்து நேரே கேட்டேன்.

"அத்தான், அந்த வெள்ளைக்கார மனிசி பூசக்கூடாது எண்டு சொன்னது உங்கடை காதிலை விழேல்லையோ?"

அவர் சிரித்தார். கோபப்படவேயில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "பிள்ளை, இரும்பும் இரும்பும் உரஞ்சினால் தேயும். கிறீஸ் பூசினால் தேயாது. ஊரிலை சைக்கிள் ஓடின எல்லாருக்கும் இது தெரியும்."

"இது சைக்கிள் இல்லை. உரஞ்சிறதுதான் இதின்ரை வேலை. உரஞ்சாட்டி அது உங்களைப் பிடிச்சு வைச்சிருக்காது."

"தெரியும், தெரியும். நீர் தேத்தண்ணியைக் குடியும்."

அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள். விடு என்று அர்த்தம். எதை விடுவது? நான் அன்றைக்குத் தேத்தண்ணியைக் குடிக்காமல் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு வந்தேன்.

அந்த வருடம் ஊரிலிருந்து அத்தானின் தமையனும் மனைவியும் வந்திருந்தார்கள். தமையன் ஓய்வுபெற்ற தபாலதிபர், மிகவும் மரியாதையான மனிசர், ஆங்கிலத்தை வாசிப்பார், ஆனால் இங்கத்தை வெள்ளைக்காரர் பேசுவது அவருக்குப் பிடிபடாது. அவர்களையும் மாதாவிடம் கூட்டிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. அத்தானின் காரில் தமையன் முன்னுக்கு, பின்னுக்கு அக்காவும் தமையன் மனைவியும் அக்காவின் மகளும். அவள் எனக்குப் பெறாமகள், அப்போது பத்தாம் வகுப்பு. நானும் என் மனிசனும் எங்கள் காரில் பின்னால்.

காலையில் நாங்கள் வெம்பிளிக்குப் போனபோது அத்தான் கரவனுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். அரிசி மூட்டை, பெரிய கிடாரம், ஆட்டிறைச்சிப் பெட்டி, மடக்குக் கதிரைகள், எல்லாம் ஆகக் கடைசியில், பின் மூலையில். பாரத்தை நடுவில், சில்லுக்கு மேலே வைக்க வேண்டும் என்று அக்கா சொன்னாள். "இறக்கச் சுகம்" என்று மறுமொழி வந்தது. பெறாமகள் எங்கள் காரின் ஜன்னலுக்கு வந்து குனிந்தாள்.

"சித்தி, அம்மா நேற்றுக் கிளீன் பண்ணினவ. அப்பா டிட் இட் அகெய்ன்."

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கொளுக்கியில் கிறீஸ் வழிந்து வெயிலில் மினுங்கியது.

"அத்தான், இப்பிடியே வெளிக்கிடக் கூடாது. கரவனை விட்டிட்டு வாருங்கோ. இரண்டு காரிலை போவம், கூடாரம் வாடகைக்கு எடுப்பம்."

"ஆரும் கேட்டால் சிரிப்பினம், பிள்ளை. நல்ல காரியத்துக்குப் போகேக்கை தடுக்காதையும்."

"அக்கா, நீ ஏறாதை."

அக்கா கதவைப் பூட்டிவிட்டுப் படியில் நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள். தமையன் காருக்குள் இருந்து தலையை நீட்டி, "என்ன தம்பி, பிரச்சினையோ? நேரம் போகுதெல்லே?" என்றார். ஊரிலிருந்து வந்த மூத்தவருக்கு முன்னால் புருசனைக் குறைத்துக் காட்டக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பாலோடு பருக்கியிருக்கிறார்கள். அக்கா ஏறினாள். கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுச் சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. அவளை ஏற்றியது அத்தான் மட்டுமில்லை.

அன்று ஆவணி மாத வெயில். இலை அசையவில்லை. பெற்றோல் செட்டில் நிறுத்தியபோது கம்பங்களில் கொடிகள் நனைந்த துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

நோர்போக்குக்குப் போகிற றோட்டில் ஓர் இறக்கம். எங்களுக்கு முன்னால் கரவன். ஒரு பெரிய லொறி அவர்களை முந்திக்கொண்டு போனது. கரவனின் பின்பக்கம் இடப்பக்கம் ஒதுங்கியது. பிறகு வலப்பக்கம். பிறகு இன்னும் அகலமாக இடப்பக்கம். "காலை எடு, காலை எடு, பிரேக் பிடிக்காதை" என்று என் மனிசன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கத்தினார், அத்தானுக்குக் கேட்கும் என்ற மாதிரி. கரவனின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. அத்தான் முழு பிரேக்கையும் அடித்துவிட்டார். கரவன் சரிந்தது, சரிந்த வேகத்தில் காரையும் முறுக்கி எங்களைப் பார்க்கத் திருப்பி, கரைப் புல்மேட்டோடு கொண்டுபோய் மோதியது. அக்கா இருந்த பக்கம்.

அக்காவின் வலது முழங்கை நொறுங்கியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. அழவும் இல்லை. "பிள்ளை எங்கை?" என்று மகளைத்தான் கேட்டாள். பெறாமகளுக்கு நெற்றியில் கீறல், மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அம்புலன்ஸ் வந்து அக்காவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போனது. கூட ஆள் ஏறக்கூடாது என்றார்கள். கரவனை இழுக்கிற வண்டி வரும் வரைக்கும் நிற்கும்படி பொலிஸ் சொன்னது.

இழுக்க வந்தவன் மஞ்சள் ஜாக்கெட் போட்ட பெரிய ஆள். கொளுக்கியின் தலைக்குள் விரலை விட்டு எடுத்தான். விரல் கறுப்பாக மினுங்கியது. அத்தானின் முகத்துக்கு நேரே நீட்டி, யார் இதுக்குள் கிறீஸ் பூசினது என்று கேட்டான். இந்த மாதிரிக்குப் பூசவே கூடாது, இது பிடிக்காமல் வழுக்கி விட்டிருக்கிறது, பாரமும் முழுக்கப் பின்னுக்கு, ஆள் சாகாதது உங்கள் அதிட்டம் என்றான். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

தமையன் கிட்ட வந்தார். "என்னவாம் தம்பி?"

அத்தான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காத்துத்தானாம் அண்ணை. லொறி போகேக்கை அடிச்ச காத்து. இந்த இடத்திலை உப்பிடி அடிக்கடி நடக்கிறதாம். ஆரும் ஒண்டும் செய்யேலாதாம்."

"பொய்!" என்று நான் கத்தினேன். றோட்டில் போன கார்க்காரர் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணை, அவன் அப்பிடிச் சொல்லேல்லை. கிறீஸ் பூசினதாலைதான் எண்டு சொல்லுறான். நாங்கள் எல்லாரும் சொன்னனாங்கள். அக்கா எத்தனை தரம் துடைச்சவள்!"

தமையன் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று அவருடைய கண்ணில் கண்டேன். ஆனால் அவர் சொன்னது இது: "பிள்ளை, இந்த நேரத்திலை ஏன் உந்தக் கதை? அவனும் மனம் நொந்துபோய் நிக்கிறான்."

உண்மைதான், நொந்துபோய்த்தான் நின்றார். கரவன் உடைந்து அரிசி புல்லெல்லாம் கொட்டியிருந்தது. அவர் முழங்காலை ஊன்றி அதைப் பிடி பிடியாக அள்ளி, கிழிந்த மூட்டைக்குள் போடத் தொடங்கினார். எனக்கு இரக்கம் வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதை அவர் நம்பத் தொடங்கிவிட்டதை நான் கண்டேன். பொய்க்காரனை மடக்கலாம். இப்படிப்பட்டவரை என்ன செய்வது?

அக்காவின் முழங்கையைக் கம்பி வைத்துப் பொருத்தினார்கள். வலது கையின் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. சின்னக் குழந்தைகளின் நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அழ முன்னம் ஊசியை எடுத்துவிடுகிற விரல்கள் அவை. ஆஸ்பத்திரியில் அவளை வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். வந்தவர்களுக்கு "அங்கே இருங்கள், கூப்பிடுவார்கள்" என்று சொல்லுகிற வேலை.

பார்க்க வந்த சனம் திராட்சைப்பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தது. அத்தான் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அக்காவுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டார், சோறு குழைத்து ஊட்டிவிட்டார், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஊட்டிக்கொண்டே காற்றுக் கதையைச் சொன்னார். மாதம் போகப் போகக் காற்று பெருத்தது. லொறி நீண்டது. கடைசியில் அது ஒரு சூறாவளியாகி, பொலிஸ்காரனின் தொப்பியையும் தூக்கிக்கொண்டு போனது. அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

கட்டு அவிழ்த்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, லூயிஷாமில் உள்ள கோயிலுக்குப் போக வெளிக்கிட்டார்கள். நானும் நின்றேன். அத்தான் புதிதாக வாங்கிய காரைத் துடைத்து, அக்காவுக்குக் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றார். அக்கா படியால் இறங்கினாள். கைப்பையை இடது தோளுக்கு மாற்றினாள். காரைக் கடந்து, கேற்றைத் திறந்து, பஸ் தரிப்பை நோக்கி நடந்தாள்.

"இஞ்சரும், எங்கை போறீர்?"

"கோயிலுக்கு" என்றாள், திரும்பாமலே.

அன்றைக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் ஓடுகிற எந்தக் காரிலும் அவள் ஏறவில்லை. கலியாணவீடோ செத்தவீடோ, பனியோ மழையோ, பஸ்ஸும் ரெயினும்தான். அவர் காரில் தனியே போய் மண்டப வாசலில் நிற்பார், அவள் ஸ்டேசனிலிருந்து சேலைக் கரை நனைய நடந்து வருவாள். சிலவேளை பஸ் தரிப்புக்கு அருகில் காரை நிறுத்தி ஜன்னலை இறக்கி, "ஏறும், குளிருது" என்பார். அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பின்னால் நிற்கிற கார்க்காரர் ஹோர்ன் அடிக்கும் வரைக்கும் அவர் நிற்பார். சனம் கேட்டால், "அவவுக்குக் கார் பயம் பிடிச்சிட்டுது. அண்டைக்கு அடிச்ச காத்து அப்பிடி" என்பார்.

"எவ்வளவு காலத்துக்கு இப்பிடி?" என்று அக்காவை ஒருநாள் கேட்டேன். என் காரில் இருந்துதான் கேட்டேன். என் காரில் அவள் ஏறுவாள், அவளுக்குக் காரில் பயம் ஒன்றும் இருக்கவில்லை.

"அவர் சொல்லட்டும்."

"என்னத்தை?"

"காத்து இல்லை எண்டு. எனக்கு மன்னிப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அந்த ஒரு வசனம் காணும்."

அந்த ஒரு வசனம் அவர் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக என்னவெல்லாம் செய்தார்! மழை நாட்களில் ஸ்டேசன் வாசலில் குடையோடு காத்து நின்றார். அவளுக்கென்று நல்ல கம்பளிக் கையுறை தேடி வாங்கி வந்தார். கடைசியில் காரையே விற்றார். விற்றுவிட்டு அவளோடு பஸ்ஸில் ஏறி, பக்கத்துச் சீற்றில் இருந்தார். சனம் உருகிப்போனது. "மனிசிக்காகக் காரை வித்த மனிசன், இப்பிடி ஒருத்தரைக் காணேலுமே?" என்று கோயிலில் என்னிடமே சொன்னார்கள். எனக்குச் சொன்னவர்களின் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. ஒரு காரை விற்பது அவருக்கு லேசாக இருந்தது, ஒரு வசனத்தைச் சொல்வது முடியாமல் இருந்தது. அதற்குப் பெயர் அன்பு என்றால் அந்த அன்பை யாரும் எனக்குத் தர வேண்டாம்.

எங்கள் எட்மண்டன் வீட்டில் ஒரு பிறந்தநாள். தொண்ணூறுகள் முடியப் போகிற காலம். முன்னறை நிறைய ஆட்கள். அக்கா இடது கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாள். "அக்காவுக்குக் கையிலை என்ன நடந்தது?"

அத்தான் மடியில் இருந்த இறைச்சி றோல்ஸ் தட்டை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார். "அதைக் கேளுங்கோ. நாங்கள் நோர்போக்குக்குப் போகேக்கை ஒரு காத்து..."

"காத்து இல்லை" என்றாள் அக்கா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் முன்னறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"அண்டைக்குக் காத்து ஒரு சொட்டும் அடிக்கேல்லை. கொளுக்கிக்குக் கிறீஸ் பூசக்கூடாது. இவர் பூசினவர். நான் துடைக்கத் துடைக்கப் பூசினவர். அதாலை கரவன் பிரண்டது. அதாலை என்ரை கை போனது."

அத்தான் அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. அந்தத் "தெரியும்" வரப்போகிறது, வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது என்று நினைத்தேன். வரவில்லை. மறுப்பும் வரவில்லை. அவர் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார். "பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆட்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். கேட்ட பெண் பாவம், முகம் சிவந்துபோய் இருந்தாள். என் மனிசன் பாட்டைப் போடப் போனார், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இந்த அமைதியை இவர்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் அனுபவிக்கட்டும்.

எங்கள் முன்ஜன்னலால் பஸ் தரிப்பு தெரியும். மழை தூறத் தொடங்கியிருந்தது. அவர் கழுத்துப்பட்டியை உயர்த்திக்கொண்டு நின்றார். பஸ் வந்து கதவைத் திறந்தது. அவர் ஏறவில்லை. எங்கள் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, டிரைவருக்குத் தலையை ஆட்டினார். பஸ் போனது.

"அக்கா, அவர் நிக்கிறார்" என்றேன்.

"நிக்கட்டும்." அவள் வெறுங் கோப்பையை என்னிடம் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்து. சுடச்சுட ஊத்து."

நான் குசினிக்குப் போய்ப் புதிதாகத் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.